ஆவடித் தீர்மானமும் ஏழையரின் வாழ்வுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில் பருத்திப்பட்டு அமைந்துள்ளது. ஏறத்தாழ 87 ஏக்கர் பரப்புள்ள அதன் ஏரி முன்னாளில் பாசனத்திற்கு உதவிற்று; 2019ஆம் ஆண்டு முதல் கரையும் நடைபாதையும் கொண்ட பூங்காவாக விளங்குகின்றது. ஊரையடுத்த ஆவடியில் 1955 ஜனவரித் திங்களில் இந்திய தேசியக் காங்கிரசு மாநாடு கூடியது. யு. என். தேபர் தலைமை தாங்கிய அம்மாநாட்டில், நாட்டுத் திட்டங்களின் இலக்கு சமதர்மப் பாங்கான சமுதாயமே எனத் தீர்மானிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் இத்தீர்மானத்தின் தடத்திலேயே சென்றது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. உழவு நிலங்கள் குடியிருப்புகளாயின.

ஆவடியில் ஏழை மக்களுக்கு அளிக்கப்பட்டது வாக்குறுதியா, உரிமையா? இவ்வினாவை வரலாற்றின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஈகையும் உரிமையும்

ஈகை கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது. உரிமை பெறுபவரின் தகுதியைச் சார்ந்தது. இவ்வேறுபாடு திருமறை வாசகர்க்குப் புதியதன்று. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், வயலின் ஓரத்தை உரியவன் அறுக்கலாகாது என்றும், சிந்திய கதிர்களைப் பொறுக்கலாகாது என்றும் கட்டளையிடப்பட்டுள்ளது. அப்பங்கு எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. அவர்கள் உரியவனின் இரக்கத்திற்காகக் காத்திராமல் வயலுக்குள் செல்லலாம். எனினும் உரியவன் ஓரத்தையும் அறுத்துவிட்டால் எளியவன் யாரிடம் முறையிடுவான்? சமூக, பொருளாதார உரிமைகளின் வரலாறு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம்.

2. அரசியலமைப்பில் இருவகை

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம் உரிமைகளை இரு பகுதிகளாக வகுத்தது. பேச்சு, சமயம், சமத்துவம் ஆகியவை மூன்றாம் பகுதியில் அடிப்படை உரிமைகளாயின. பிழைப்புக்குப் போதிய வழி, வேலை, கல்வி, ஊட்டம் ஆகியவை நான்காம் பகுதியில் அரசின் நெறிமுறைக் கோட்பாடுகளாயின. இவை நாட்டின் ஆட்சிக்கு அடிப்படையானவை என்று கூறும் 37ஆம் பிரிவே, இவற்றை நீதிமன்றத்தின் வாயிலாகச் செயற்படுத்த இயலாது என்றும் கூறுகின்றது.

இதன் விளைவு சென்னை மாகாணத்தில் விரைவில் வெளிப்பட்டது. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணையைச் செண்பகம் துரைராசன் வழக்கில் 1951இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. நெறிமுறைக் கோட்பாடுகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டவை என்பது அத்தீர்ப்பின் கருத்து. அவ்வாண்டே முதலாம் திருத்தச் சட்டம் இயற்றப்பட வேண்டியதாயிற்று. ஆகவே 1955இல் ஆவடியில் கூடியோர், நீதிமன்றம் ஏற்க இயலாத ஒரு கடமையையே மீண்டும் உறுதிசெய்தனர்.

3. உலக அரங்கில்

உலக நாடுகளிடையேயும் இதே பிளவு ஏற்பட்டது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஏற்கப்பட்ட உலக மனித உரிமைப் பிரகடனம் இருவகை உரிமைகளையும் ஒரே ஏட்டில் வைத்தது. அதன் 25ஆம் பிரிவு உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றைக் குறிக்கின்றது. ஆனால் வல்லரசுகளின் பனிப்போர்க் காலத்தில் அப்பிரகடனத்தை உடன்படிக்கையாக்க முயன்றபோது, 1966இல் ஒன்றுக்கு இரண்டு உடன்படிக்கைகள் பிறந்தன. குடிமை, அரசியல் உரிமைகளை உடனே மதித்தல் வேண்டும். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளையோ, நாட்டின் வளத்திற்கேற்பப் படிப்படியாக நிறைவேற்றினால் போதும். இரண்டாவது உடன்படிக்கை 1976இல் நடைமுறைக்கு வந்தது; 1979இல் இந்தியா அதில் இணைந்தது. எனினும் பன்னாட்டு உடன்படிக்கை தானாகவே நம் உள்நாட்டுச் சட்டமாகிவிடுவதில்லை.

4. 1985ஆம் ஆண்டின் தீர்ப்புகள்

இந்நிலையில் ஒரு திருப்பம் 1985இல் நிகழ்ந்தது. பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்ற 1981இல் மகாராட்டிர அரசு முனைந்ததை எதிர்த்து ஓல்கா டெல்லிசு முதலானோர் தொடுத்த வழக்கில், உயிர்வாழும் உரிமையினுள் பிழைப்புரிமையும் அடங்கும் என ஐவர் ஆயம் தீர்ப்பளித்தது. நெறிமுறைக் கோட்பாடுகளின் துணைகொண்டே 21ஆம் பிரிவுக்கு இவ்விரிந்த பொருள் காணப்பட்டது.

ஆயினும் மனுதாரர் பெற்றதென்ன? மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, அவர்களை அகற்றலாகாது என்ற தவணையே. முன்னரே கணக்கெடுக்கப்பட்டிருந்தோருக்கு மாற்றிடம் தருமாறு கூறப்பட்டது. எனினும் அகற்றுமுன் மாற்றிடம் தருவது அனைவருக்குமான நிபந்தனையாக்கப்படவில்லை. அக்காலத்திலேயே சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் உச்சநீதிமன்றத்தின்முன் வந்தது. குடிசை மாற்று வாரியம் போன்றவற்றின் வழியாகத் தமிழ்நாட்டரசு செய்துவந்த பணிகளைச் சுட்டி, அவை தொடரும் என்ற நம்பிக்கையை நீதிமன்றம் தெரிவித்தது. நம்பிக்கை நன்றே, ஆனால் அது உரிமையாகாது.

5. உணவில் நிகழ்ந்தது, உறையுளில் நிகழாதது

உணவின் வரலாறு வேறாக அமைந்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது, 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அப்போது அது அரசின் நற்செயல். மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28ஆம் நாள், சமைத்த உணவை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று இன்னாருக்கு இவ்வளவு என்பதும், கிடைக்காவிடில் முறையிட வேண்டிய அதிகாரி யார் என்பதும் எழுத்தில் உள்ளன. தமிழகத்தில் நற்செயலாகத் தோன்றியது நாட்டுக்கே உரிமையாயிற்று.

உறையுளுக்கு இவ்வளர்ச்சி வாய்க்கவில்லை. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஏரியை அளப்பதையும், எல்லை குறிப்பதையும், அறிவிப்புக் கொடுத்து அகற்றுவதையும் விதிக்கின்றது. அகற்றப்படுவோர் எங்கே வாழ்வர் என்பதற்கு விடையளிக்கவில்லை. அவ்விடை அரசின் கொள்கைக்கு விடப்பட்டுள்ளது. 2000ஆம் ஆண்டுக்குப்பின் சென்னையின் ஆற்றோர மக்கள் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தொலைப்பகுதிகளுக்குக் குடியேற்றப்பட்டனர். கூரை கிடைத்தது, வேலையும் பள்ளியும் தொலைவாயின. உறையுள் என்பது வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழு 1991இலேயே விளக்கியுள்ளது.

ஏரிகளைக் காத்தல் வேண்டாவென்று நாம் கூறவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை பட்ட துன்பம் நீர்நிலைகளின் தேவையை உணர்த்திற்று. அவ்வெள்ளத்தில் முதலில் இழந்தவர்களும் கரையோர ஏழைகளே. ஆகவே நீரும் வீடும் பகைப்பொருள்களல்ல. ஒன்றைச் சட்டத்தாலும் மற்றொன்றைத் தயவாலும் காப்பதே குறைபாடாகும்.

முடிவுரை

வாக்குறுதி உரிமையாவதற்கு மூன்று தேவை என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது: பெறுபவர் இன்னார் என்ற வரையறை, பெறவேண்டியது இவ்வளவு என்ற அளவு, தவறினால் விடைகூறுபவர் யார் என்ற தெளிவு. உணவுக்கு இம்மூன்றும் வந்துவிட்டன. உறையுளுக்கு இன்னும் வரவில்லை. ஆவடியில் தீர்மானம் நிறைவேறி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. வயலின் ஓரம் எளியவனுக்கு உரியதென்று போதிக்கும் நாம், ஏரியின் ஓரத்திலிருந்து அகற்றப்படும் குடும்பத்திற்கு உரியது யாது என்பதையும் சட்டத்தின் மொழியில் எழுதுமாறு கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.