வலக்கை அடைபட்டவர்: யூதச் சட்டத்தில் ஒரு சொல்லின் வரலாறு

திருவனந்தபுரத்தில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. கோயிலைச் சுற்றுவதைத் தமிழர் ‘வலம் வருதல்’ என்பர். மலையாளிகள் ‘வலம் வய்க்குக’ என்பர். இரு மொழிக்கும் பொதுவான ‘வலம்’ என்னும் சொல், வலிமை குறிக்கும் ‘வல்’ என்னும் வேரோடு இயைத்துக் காட்டப்பெறுவது. வலக்கையே வலிய கை என்னும் கருத்து இச்சொல்லில் உறைந்துள்ளது. யூதச் சட்டத்தில் இதே கருத்து, ஓர் ஆசாரியர் பலிபீடப் பணி செய்யலாமா என்பதையே முடிவு செய்தது.

லேவியராகமத்தின் 21ஆம் அதிகாரம் அப்பணிக்குத் தடையான உடற்குறைகளை நிரல்படுத்துகிறது. இடக்கைப் பழக்கம் அந்நிரலில் இல்லை. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் பெக்கோரோத் பகுதியே, கையாலோ காலாலோ ‘இத்தேர்’ ஆனவர் பணிக்கு ஆகார் என்று விதிக்கிறது.

‘இத்தேர்’ என்னும் எபிரேயச் சொல் இடக்கையைச் சுட்டுவதன்று. அடைத்தல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. நியாயாதிபதிகள் 3:15இல் ஏகூத் ‘வலக்கை அடைபட்டவன்’ என்னும் பொருளில் குறிக்கப்பெறுகிறான். அவன் பென்யமீன் குலத்தவன். அக்குலப்பெயருக்கு ‘வலக்கை மகன்’ என்பது பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ, இரு கையும் வலக்கையானவன் என்று பொருள்படும் சொல்லை இட்டது. எரோனிமுவின் இலத்தீன் பெயர்ப்பும் அவ்வழியே சென்றது. இதனால் மூலத்தின் குறை பெயர்ப்பில் திறமையாயிற்று.

சட்டநோக்கில் இம்மாற்றம் சிறிதன்று. இருகை வல்ல ஆசாரியரை யெகூதா ஹநாசி விலக்கினார். ஏனைய அறிஞர் ஏற்றனர். வலக்கை மெலிந்ததால் இரு கையும் ஒத்தன என்பது ஒரு சாரார் கருத்து; இடக்கை வலுத்ததால் ஒத்தன என்பது மறுசாரார் கருத்து எனத் தால்மூத் விளக்குகிறது. காணப்படும் திறன் ஒன்றே. அதனைக் குறையாகவோ மிகையாகவோ கொள்வதில்தான் ஒருவரது பணி அடங்கியிருந்தது.

‘பாசூல்’ என்னும் தீர்ப்புச் சொல்லைத் ‘தகுதியற்றவர்’ எனப் பெயர்ப்பதும் பொருந்தாது. விலக்கப்பட்டது பணியே, பிறப்பால் வந்த ஆசாரிய நிலையன்று. குறையுடையோரும் புனித உணவில் பங்கு பெற்றனர். எருசலேம் ஆலயத்தின் விறகு அறையில், புழு அரித்த கட்டைகளைப் பலிபீடத்துக்கு ஆகாதவையென ஆய்ந்து நீக்கியவர்கள் அவர்களே. எனவே ‘பணிக்கு ஆகாதவர்’ என்பதே நேரிய பெயர்ப்பு.

கி.பி. 70இல் ஆலயம் அழிந்தது; பலிப்பணி நின்றது. எனினும் இடக்கையர் பற்றிய மற்றொரு விதி இன்றும் வழக்கில் உள்ளது. மறைவாசகம் அடங்கிய ‘தெஃபிலின்’ பேழையைப் பிறர் இடக்கையில் கட்ட, இடக்கையர் வலக்கையில் கட்டுவர். அவர்க்கு மெலிந்த கை அதுவே என்பது காரணம். பலிபீடத்தில் வலம் என்பது பக்கம். தொழுகையில் அது வலிமை. ‘வல’ என்னும் தமிழ் அடி இரண்டையும் தாங்குமாதலின், முன்னதற்கு ‘வலக்கை’ என்றும் பின்னதற்கு ‘வலிய கை’ என்றும் பிரித்தாளுதல் மொழிபெயர்ப்பாளர் கடன்.