ஐஸ் பெட்டி குளிரவில்லையா? பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த தம்போய் போன்ற ஊரில் குளிர்பதனப் பெட்டி நின்றுபோனால், வாங்கி வைத்த மீன், கோழி மட்டுமல்ல, நீரிழிவு நோயாளியின் இன்சுலினும் வீணாகலாம். சில கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். மற்றவற்றில் கோளாறு எங்கே என்று தெரிந்திருந்தாலே பணம் மிச்சமாகும்.

முதலில் உணவும் மருந்தும்

கதவை அடிக்கடி திறக்காதீர்கள். மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்திருக்கும் உறைபகுதி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். அதற்கு மேல் குளிரின்றி இருந்த இறைச்சி, மீன், பால், சமைத்த உணவு ஆகியவற்றை வாசனை நன்றாக இருந்தாலும் சாப்பிட வேண்டாம்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உடனே அண்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள்; ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. வெப்பத்தில் கிடந்த மருந்தை மருந்தாளரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உள்விளக்கு எரியவில்லை என்றால்

அதே சுவிட்சில் வேறொரு பொருளைப் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால், மூன்று முள் பிளக்கின் உள்ளே இருக்கும் பியூஸ் போயிருக்கலாம். அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே மாற்றுங்கள். பெட்டியை இணைத்ததும் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்தால் அது மின்கசிவு. மீண்டும் மீண்டும் தூக்கிவிடாமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

விளக்கு எரிகிறது, குளிர் இல்லை என்றால்

குளிர் அளவுக் குமிழ் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை அணைத்தால், மீண்டும் போடுவதற்கு முன் 5 நிமிடம் பொறுங்கள். குழாய்க்குள் வாயுவின் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். சில நிமிடத்திற்கு ஒருமுறை 'டிக்' என்ற சத்தம் வந்து நின்றுவிட்டால், ரிலேயோ கம்ப்ரசரோ பழுதாகியிருக்கலாம். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

கம்ப்ரசர் ஓடியும் குளிர் குறைவு என்றால், பின்புறக் கம்பிச் சுருளில் தூசி படிந்திருக்கிறதா, சுவரோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். அது எளிதாக வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

மேலே குளிர், கீழே இல்லை

ஐஸ் கட்டாத வகைப் பெட்டிகளில் உறைபகுதியின் குளிர்காற்றைச் சிறு காற்றாடிதான் கீழே தள்ளுகிறது. காற்றுத் துளைகளைப் பைகள் அடைத்திருந்தால் விலக்குங்கள். பின்பலகைக்குள் ஐஸ் இறுகியிருந்தால், பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து ஒரு நாள் முழுக்க உருக விடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள். குழாய் ஓட்டையாகும், புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ வாயு தீப்பற்றக்கூடியது. உருக்கிய பின் சில நாள் குளிர்ந்து மீண்டும் நின்றால், ஐஸ் உருக்கும் பாகம் பழுதாகியிருக்கலாம். இதைப் பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

'கேஸ் தீர்ந்துவிட்டது' என்றால்

மூடிய குழாயில் சுற்றும் வாயு தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால் கொடுத்த பணம் வீண். என்ன பாகம், எவ்வளவு செலவு, எத்தனை நாள் உத்தரவாதம் என்று முன்கூட்டியே கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் வாங்கி வையுங்கள். கம்ப்ரசருக்குத் தனியாக நீண்டகால உத்தரவாதம் இருக்கிறதா என்று வாங்கிய அட்டையைப் பாருங்கள்.

ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. கையில் ரசீது இருந்தால் போராட்டம் பாதி முடிந்த மாதிரி.