ஒரே லேப்டாப், இரண்டு குடித்தனம்

ஒரு காட்சி. லேப்டாப்பை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கிறது. விண்டோஸ் என்கிறீர்கள். வை-ஃபை வருகிறது, மெயில் வருகிறது, சர்வம் சுபம். அணைத்துவிட்டு மறுபடி போட்டு, இந்த முறை லினக்ஸ் என்கிறீர்கள். வை-ஃபை இல்லை. சிக்னல் வீக் என்றுகூட இல்லை. அப்படியொரு வஸ்து இந்த மெஷினில் கிடையவே கிடையாது என்று சாதிக்கிறது.

அதே லேப்டாப். அதே சிப். அதே ரூட்டர். அப்புறம் என்னதான் கோளாறு?

2000-களில் ஒரே கணினியில் இரண்டு சிஸ்டங்களைக் குடிவைத்துப் பார்த்த பலர் முட்டிக்கொண்ட இடம் இது. சிப்பில் பழுதில்லை. நடுவில் பேச ஆளில்லை. அவ்வளவுதான். டூப்ளேவுக்கு ஓர் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி, ஒவ்வொரு சிப்புக்கும் சிஸ்டத்துக்கும் நடுவே ஒரு துபாஷி வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவர். விண்டோஸுக்கு துபாஷி இருந்தார். லினக்ஸுக்கு இல்லை.

ஏன் இல்லை? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1991. ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர், தான் எழுதிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அதுதான் லினக்ஸ். அதே 1991-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி சாமுவேலியும் அவரது மாணவர் ஹென்றி நிக்கலஸும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் பிராட்காம். ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஆனால் பின்னாளில் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

2003-க்குப் பிறகு லேப்டாப் என்றால் வை-ஃபை இருந்தே தீரவேண்டும் என்று ஆனது. நிறைய லேப்டாப்களில் பிராட்காம் சிப். விண்டோஸுக்கு டிரைவர் கொடுத்தார்கள். லினக்ஸுக்குக் கொடுக்கவில்லை. சரி, சிப் எப்படி வேலை செய்கிறது என்ற குறிப்பையாவது கொடுங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்றால் அதுவும் கிடையாது. வை-ஃபை சிப் தயாரிப்பாளர்கள் இதற்குப் பொதுவாகச் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, தொழில் ரகசியம். இன்னொன்று, வை-ஃபை என்பது ரேடியோ. எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதெல்லாம் அரசாங்கச் சட்டம். கோடைத் திறந்துவிட்டால் ஆளாளுக்கு மாற்றுவார்கள் என்றார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? லினக்ஸில் ஓடுகிற டிரைவர் ஒன்று ஏற்கெனவே இருந்தது! லிங்க்சிஸ் விற்ற நீலமும் கறுப்புமான ஒரு ரூட்டர், டபிள்யூ.ஆர்.டி.54ஜி. உள்ளே ஓடுவது லினக்ஸ்தான் என்று 2003-ல் தெரியவந்தது. லினக்ஸை எடுத்துப் பயன்படுத்தி விற்றால், அதன் மூலநிரலையும் வாங்கியவருக்குத் தரவேண்டும் என்பது அதன் உரிம விதி. தந்தார்கள். வை-ஃபை டிரைவரை மட்டும் சீல் வைத்த பொட்டலமாகவே வைத்துக்கொண்டார்கள். அதுவும் ரூட்டரின் பிராசஸருக்காகச் செய்தது. லேப்டாப்பில் ஓடாது.

ஓடாவிட்டால் என்ன? படிக்கலாமே.

ஆர்வலர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். முதல் கோஷ்டி பொட்டலத்தைப் பிரித்து மேய்ந்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று குறிப்பு மட்டும் எழுதும். இரண்டாவது கோஷ்டி அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து, புதிதாக டிரைவர் எழுதும். அசலை அவர்கள் பார்க்கவே கூடாது. பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பணம் வாங்குகிறவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு என்று ஆபீஸில் பிரித்து வைப்பதில்லையா? அதே சூத்திரம். காப்பியடித்தாய் என்று நாளைக்கு யாரும் கேஸ் போட முடியாது.

ஜூன் 2006-ல் வெளியான லினக்ஸ் 2.6.17-ல் அந்த டிரைவர் இடம்பிடித்தது. அதற்கு முன்பு வரை பலருக்குக் கைகொடுத்தது என்.டி.ஐ.எஸ்.ராப்பர். விண்டோஸ் துபாஷியையே லினக்ஸுக்குக் கூட்டிவந்து, நீ இன்னும் விண்டோஸில்தான் இருக்கிறாய் என்று நம்பவைக்கிற தில்லாலங்கடி வேலை.

அத்தோடு கதை முடியவில்லை. சிப்புக்குள்ளேயே ஓடுகிற ஃபர்ம்வேர் என்றொரு சமாசாரம் உண்டு. அதன் உரிமை கம்பெனியிடம். லினக்ஸோடு சேர்த்து விநியோகிக்க முடியாது. நாமேதான் கம்பெனியின் டிரைவரை இறக்கி, அதிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்து இறக்குவது? நெட்டிலிருந்து. நெட் எப்படி வரும்? ஃபர்ம்வேர் இருந்தால்தான் வரும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்!

செப்டம்பர் 2010-ல் பிராட்காம் இறங்கி வந்தது. தனது புதிய சிப்களுக்கான லினக்ஸ் டிரைவரை மூலநிரலோடு வெளியிட்டது. ஃபர்ம்வேர் திறக்கப்படவில்லை. ஆனால் அதை லினக்ஸோடு சேர்த்துத் தர அனுமதி கிடைத்தது. பழைய சிப்களுக்கு அதே வெட்டும் வேலைதான்.

இன்று பெரும்பாலான லேப்டாப்களில் லினக்ஸைப் போட்டதுமே வை-ஃபை வந்துவிடுகிறது. வராவிட்டால் இரண்டு காரியம் செய்து பாருங்கள். முதலாவது, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். 2012-ல் விண்டோஸ் 8-ல் வந்த வசதி அது. ஷட்-டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது, அரைத்தூக்கம்தான். சில சமயம் வை-ஃபை சிப்பையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்த குடித்தனக்காரர் வந்து கதவைத் தட்டினால் எப்படித் திறக்கும்?

இரண்டாவது, உங்கள் ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் செருகி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் உடனே நெட் வரும். வேண்டிய ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம்.

முழுக் காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்தான். ஆனாலும் அதற்குள் எந்த சிஸ்டம் ஓடலாம் என்பதில் சிப் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை இருந்தது. அந்த வார்த்தையைக் குறைக்க முகம் தெரியாத சிலர், சம்பளம் இல்லாமல், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து குறிப்பு எழுதினார்கள். அடுத்த முறை லினக்ஸில் வை-ஃபை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்போது, அவர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.