ஜான் மர்ரே ஆவணத் திரட்டு
லண்டன் ஆல்பெமார்ல் தெரு 50ஆம் எண் வீட்டில் இயங்கிய மர்ரே பதிப்பகத்தின் கடிதங்கள், கையெழுத்துப் படிகள், கணக்கேடுகள் அடங்கிய திரட்டு. 1768இல் ஃப்ளீட் தெருவில் புத்தகக் கடையாகத் தொடங்கிய குடும்பத் தொழிலை விக்டோரியா காலத்தில் நடத்தியவர் மூன்றாம் ஜான் மர்ரே (1808–1892). டார்வின், லிவிங்ஸ்டன் நூல்களை வெளியிட்டவர் இவரே. ‘உயிரினங்களின் தோற்றம்’ அச்சேறுமுன் கைப்பிரதியைப் படித்த இதழாசிரியர் விட்வெல் எல்வின், 1859 மே மாதம் மர்ரேக்கு எழுதிய கடிதம் சுவையானது: புறாக்களைப் பற்றி மட்டும் டார்வின் எழுதட்டும், புறா என்றால் யாருக்கும் ஆர்வம்தானே என்று யோசனை சொன்னார். நல்லவேளை, அது எடுபடவில்லை. நவம்பரில் 1,250 படிகளுடன் நூல் வெளிவந்தது. கவிஞர் பைரனின் நினைவுக் குறிப்புகள் 1824இல் இதே வீட்டுக் கணப்பில் எரிக்கப்பட்டதால் திரட்டில் இல்லை. 2006இல் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இத்திரட்டை 3.12 கோடி பவுண்டுக்கு வாங்கி எடின்பரோவில் வைத்துள்ளது.