பெரியம்மாவின் வெள்ளிக்காசுகள்: தேய்க்காமல் தரம் பார்ப்பது எப்படி?

வேலணையில் பெரியம்மா ஒரு சிறிய ரின்னைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். உள்ளே ஏழு வெள்ளிக்காசுகள். 1990 இல் தீவகத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மா சீலைத்துண்டில் முடிந்து வளவில் புதைத்துவிட்டுப் போனவை, ஊர் திரும்பிய பிறகு தோண்டி எடுத்தவை. யாழ்ப்பாணத்தில் ஒரு நகைக்கடையில் நிறுத்துப் பார்த்து உருக்கு விலை சொல்லியிருக்கிறார்கள்.

"கறுத்துப் போச்சு. திருநீறு போட்டுத் தேச்சுக் குடுத்தால் கூடத் தருவினமோ பிள்ளை?"

தேய்க்க வேண்டாம் என்று தடுத்தேன். குத்துவிளக்கு வேறு, காசு வேறு.

முதலில் உலோகப் பெறுமதி. இலங்கையில் 10, 25, 50 சத வெள்ளி நாணயங்கள் 1892 முதல் வெளிவந்தன. தொடக்கத்தில் அவற்றில் 80 வீதம் வெள்ளி. 1919 முதல் வந்தவற்றில் 55 வீதம்தான். பெரியம்மாவிடம் இருக்கும் 1914 ஆம் ஆண்டு 50 சதத்தின் நிறை 5.83 கிராம், அதில் தூய வெள்ளி 4.66 கிராம். அதே நிறையுள்ள 1925 ஆம் ஆண்டுக் காசில் 3.2 கிராம் மட்டுமே. ஆண்டைப் பார்க்காமல் ஒரே விலை சொல்பவரிடம் கவனமாக இருங்கள். மற்ற நான்கும் ஐந்தாம் ஜோர்ஜ் கால இந்திய ரூபாய்கள். அன்று அவை இங்கும் செல்லுபடியான காசுகள். நிறை 11.66 கிராம், 91 வீதத்துக்கு மேல் வெள்ளி.

சேகரிப்பாளர் தரும் விலை இதற்கு மேலே, தரத்தைப் பொறுத்தது. 1949 இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் பழைய செப்புக்காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரப்படுத்தல் நிறுவனங்கள் எல்லா நாணயங்களுக்கும் அதையே பயன்படுத்துகின்றன. பெயர்களைக் கேட்டு ஏமாறக்கூடாது. 'குட்' என்றால் நன்கு தேய்ந்துபோனது, வெறும் 4 அல்லது 6. 'பைன்' 12 முதல் 15, 'வெரி பைன்' 20 முதல் 35, 'எக்ஸ்ட்ரீம்லி பைன்' 40 முதல் 45. புழக்கத்துக்கே போகாத காசுக்குத்தான் 60 இலிருந்து தொடங்கும்.

பார்க்கும் முறை எளிது. காசை விளிம்பில் பிடித்து, ஒற்றை மின்குமிழின் கீழ் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மேடான இடங்கள்தான் முதலில் தேயும். ஜோர்ஜ் மன்னரின் காசு என்றால் முடியின் கீழ்ப்பட்டி, புருவம், காது, மேலங்கி. ரூபாயின் மேலங்கியில் ஒரு குட்டி யானை இருக்கிறது. 1911 இல் வந்த ரூபாயில் அதன் தும்பிக்கை குறுகிப் பன்றிபோலத் தெரிந்ததால் முஸ்லிம்களிடம் எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். யானை தெளிவாக இருந்தால் உங்கள் காசு அதிகம் தேயவில்லை. பிறகு காசை மெல்லச் சரியுங்கள். வண்டிச் சில்லின் ஆரங்கள்போல ஒளி சுற்றி ஓடினால் அச்சடித்தபோதிருந்த மினுக்கம் இன்னும் மிச்சம்.

திருநீறும் புளியும் அழிப்பது அந்த மினுக்கத்தைத்தான். கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த மெல்லிய படலம். தேய்க்கும்போது அதோடு காசின் மேற்பரப்பும் போகிறது. மயிரிழைக் கீறல்கள் விழுகின்றன. அப்படிப்பட்ட காசுக்கு நிறுவனங்கள் வழக்கமான இலக்கத் தரம் கொடுப்பதில்லை, 'கிளீன்ட்' என்று குறித்துவிடும். இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சம். பத்து வயதில் 1925 ஆம் ஆண்டுக் காசு ஒன்றைப் பற்பசையால் மினுக்கியவன் நான். கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கீறல்கள் இன்றும் கிடக்கின்றன.

புதைத்து வைத்ததன் சேதம் வேறு வகை. தீவக மண்ணின் உப்பு உலோகத்தை அரிக்கும். செம்பு கூடிய மற்ற 1925 ஆம் ஆண்டுக் காசில் பச்சைக் களிம்பு பிடித்துக் குழிகள் விழுந்துவிட்டன. ரூபாய்கள் தாக்குப்பிடித்திருக்கின்றன. ஆனால் ஒன்றில் சங்கிலியில் கோக்க வளையம் ஒட்டியிருக்கிறார்கள். கழற்றினாலும் பற்றவைத்த தழும்பு மாறாது. அதுவும் தரத்தில் சேதம்தான்.

என் கணக்கில் இரண்டு ரூபாய்கள் 'வெரி பைன்', ஒன்று 'எக்ஸ்ட்ரீம்லி பைன்', 1914 காசு 'பைன்'. நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று எடுக்கலாம் என்று யாரும் ஆசை காட்டினால், செலவைக் கேளுங்கள். அதிகம் புழங்கிய ஆண்டுகளின் சாதாரணக் காசுகளுக்கு அது கட்டாது.

இன்னொன்று: 1815 மார்ச் 2 இற்கு முற்பட்ட காசுகள், அதாவது ஒல்லாந்தர் காசோ யாழ்ப்பாண அரசின் சேது நாணயமோ, தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அனுமதியின்றி நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ மண்ணுக்குள் எடுத்தது என்றால் உரிமையும் அரசுக்குத்தான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

ரின்னுக்குள் கிடந்த றப்பர் பட்டியை எடுத்து எறிந்தேன். அதிலுள்ள கந்தகமும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். காசுகளைத் தனித்தனிக் கடதாசி உறைகளில் போட்டேன். 1925 காசுகள் இரண்டையும் பெரியம்மா உருக்கு விலைக்கே கொடுத்துவிட்டார். நல்ல நான்கும் சேகரிப்பாளருக்குக் காத்திருக்கின்றன. வளையம் ஒட்டியதை விற்கச் சம்மதிக்கவில்லை. சின்ன வயதில் என் அம்மாவின் கழுத்தில் கிடந்ததாம்.