சாட்டையடிக் காயமும் மசாஜ் சிகிச்சையும்

சாட்டையடிக் காயம் அல்லது விப்லாஷ் என்பது தலை திடீரெனப் பின்னும் முன்னும் வீசப்படுவதால் கழுத்தின் தசைகள், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள், சிறு மூட்டுகள், நரம்புகள் ஆகியவற்றுக்கு ஏற்படும் காயம் ஆகும். நின்றுகொண்டிருக்கும் வாகனத்தின் மீது பின்னாலிருந்து மற்றொரு வாகனம் மோதும்போது இக்காயம் மிகுதியாக ஏற்படுகின்றது. கீழே விழுதல், விளையாட்டின்போது மோதிக்கொள்ளுதல் ஆகியவற்றாலும் ஏற்படலாம். இதனால் உண்டாகும் வலியையும் தசை இறுக்கத்தையும் குறைக்க மசாஜ் சிகிச்சை பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றது. மசாஜ் காயத்தை நேரடியாக ஆற்றுவதன்று; வலியைச் சிறிது காலம் தணித்து, கழுத்தை அசைப்பதை எளிதாக்கும் துணைச் சிகிச்சை ஆகும்.

பெயரும் வரலாறும்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தொடர்வண்டி விபத்துகளில் சிக்கியோர் சிலர், வெளிக்காயம் ஏதும் இல்லாதபோதும் நெடுநாள் வலியால் துன்புற்றனர். இந்நிலை 'ரயில்வே முதுகெலும்பு' என அழைக்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866ஆம் ஆண்டில் இவ்வகைக் காயங்கள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 'சாட்டையடி' என்னும் பெயரை அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹரோல்ட் குரோ 1928ஆம் ஆண்டில் பயன்படுத்தினார். கழுத்து அசையும் விதத்தை விளக்கவே அச்சொல்லைக் கையாண்டதாகவும், அது ஒரு நோயின் பெயராகவே கொள்ளப்பட்டுவிட்டதாகவும் அவர் பின்னாளில் குறிப்பிட்டார்.

காயம் ஏற்படும் விதம்

பின்புறம் மோதப்பட்ட வாகனத்தின் இருக்கை, பயணியின் உடலை முன்னோக்கித் தள்ளுகின்றது. ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோகிராம் எடையுள்ள தலை, நிலைமத்தின் காரணமாக இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றது. அப்போது கழுத்தின் கீழ்ப்பகுதி பின்புறமாகவும் மேற்பகுதி முன்புறமாகவும் வளைவதால், கழுத்து ஆங்கில 'எஸ்' எழுத்தின் வடிவத்தைப் பெறுகின்றது. இந்நிலை ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏற்படுவதால், கழுத்துத் தசைகள் முழுமையாக இறுகித் தடுப்பதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் இணைக்கும் சிறு மூட்டுகள் இவ்வேளையில் அதிகம் பாதிக்கப்படுகின்றன. அதன் பின்னர் தலை முன்னோக்கி வீசப்படுகின்றது.

தலை பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கவே இருக்கைகளில் தலைத்தாங்கி பொருத்தப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு முதல் புதிய கார்களின் முன்னிருக்கைகளில் இது கட்டாயமாக்கப்பட்டது.

தரப்பிரிவு

கனடாவின் கியூபெக் ஆய்வுக் குழு 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இக்காயத்தைப் பின்வருமாறு பிரித்தது.

தரம் 0: கழுத்தில் எவ்விதக் குறைபாடும் இல்லை.
தரம் 1: வலி, விறைப்பு அல்லது தொடுவலி உண்டு, பரிசோதனையில் வேறு அடையாளம் இல்லை.
தரம் 2: இவற்றுடன் கழுத்தின் அசைவு குறைந்திருக்கும்; குறிப்பிட்ட இடங்களில் தொடுவலி காணப்படும்.
தரம் 3: இவற்றுடன் கைகளில் வலுவின்மை, உணர்ச்சிக் குறைவு போன்ற நரம்புப் பாதிப்புகள் காணப்படும்.
தரம் 4: எலும்பு முறிவு அல்லது மூட்டு விலகல்.

மசாஜ் செய்வது பற்றி தரம் 1, தரம் 2 ஆகியவற்றில் மட்டுமே பொதுவாகக் கருதலாம். தரம் 3இல் மருத்துவரின் அனுமதி தேவை. தரம் 4 அவசர மருத்துவத்துக்கு உரியது.

மசாஜுக்கு முன்

விபத்துக்குப் பின் கழுத்தில் கை வைப்பதற்கு முன்னர், எலும்பு முறிவு இல்லை என்பதை மருத்துவர் உறுதி செய்தல் இன்றியமையாதது. 2001ஆம் ஆண்டில் வெளியான கனடிய கழுத்தெலும்பு விதி இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றது. 65 வயதும் அதற்கு மேலும் உடையோர், அபாயகரமான விபத்தில் சிக்கியோர், கை கால்களில் மரமரப்பு உடையோர் ஆகியோருக்குப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என அவ்விதி கூறுகின்றது. மற்றவர்களில், அசைவைச் சோதிப்பது பாதுகாப்பானது என மருத்துவர் கண்டவர்கள் தாமாகவே கழுத்தை இரு பக்கமும் 45 பாகை திருப்ப முடிந்தால் படம் தேவையில்லை.

செய்முறை

முதல் சில நாட்களில் கழுத்தை அழுத்திப் பிசைதல் தவிர்க்கப்படுகின்றது. பின்னர் தோள்களிலும் மேல்முதுகிலும் மென்மையாக நீவுதலுடன் சிகிச்சை தொடங்கும். அடுத்து, கழுத்திலிருந்து தோள்வரை பரவிய சரிவகத் தசையும், மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு தசைகளும் மெதுவாகப் பிசையப்படுகின்றன. வலி கூடும் அளவுக்கு அழுத்துவதோ கழுத்தைச் சட்டெனத் திருப்பிச் சொடுக்குவதோ கூடாது.

மசாஜ் தசைகளில் தேங்கிய நச்சுகளை வெளியேற்றுகின்றது என்னும் கருத்துக்குச் சான்று இல்லை. தொடுகையும் அழுத்தமும் நரம்பு மண்டலம் வலியை உணரும் விதத்தை மாற்றுவதாலும், மனத் தளர்வு ஏற்படுவதாலும் வலி குறைகின்றது என இன்று கருதப்படுகின்றது.

ஆய்வுகள்

கழுத்து வலிக்கான மசாஜ் பற்றி 2012ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மீளாய்வு, கிடைத்த ஆய்வுகளின் தரம் குறைவு என்பதால் உறுதியான பரிந்துரை எதையும் வழங்கவில்லை. 2014ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் நெடுநாள் கழுத்து வலி உடைய 228 பேர் பங்கேற்றனர். வாரத்துக்கு இருமுறை அல்லது மும்முறை 60 நிமிட மசாஜ் பெற்றவர்கள் நான்கு வாரங்களின் முடிவில் நல்ல பலன் அடைந்தனர். எனினும் இது பொதுவான கழுத்து வலி பற்றிய ஆய்வாகும். சாட்டையடிக் காயத்துக்கு அதே பலன் கிடைக்கும் என இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

மீட்சி

முற்காலத்தில் கழுத்துப் பட்டையும் நீண்ட ஓய்வும் பரிந்துரைக்கப்பட்டன. 1998ஆம் ஆண்டில் வெளியான நோர்வே ஆய்வில், பட்டை அணிந்து விடுப்பில் இருந்தவர்களைவிட வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களின் நிலை சிறப்பாக இருந்தது. இதனால் எலும்பு முறிவு இல்லாதோர் இயன்றவரை கழுத்தை அசைத்து, அன்றாட வேலைகளைத் தொடர வேண்டும் என இன்று அறிவுறுத்தப்படுகின்றது. மசாஜ் முடிந்து வலி குறைந்திருக்கும் நேரம் இத்தகைய மென்மையான பயிற்சிகளுக்கு ஏற்றது. அந்நேரத்தைப் படுத்தே கழித்தால் மசாஜின் பயன் பெரும்பாலும் வீணாகின்றது.

முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்கின்றது. ஆயினும் ஓராண்டுக்குப் பின்னரும் ஏறத்தாழ பாதிப்பேர் ஓரளவு கழுத்து வலி இருப்பதாகத் தெரிவிக்கின்றனர். தொடக்கத்தில் கடும் வலி இருந்தோரும், அசைத்தால் மேலும் கெடும் என அஞ்சுவோரும் தாமதமாகக் குணமடைகின்றனர்.

எச்சரிக்கைகள்

கழுத்தின் முன்புறப் பக்கங்களில் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகள் உள்ளதால் அங்கு ஆழமாக அழுத்துதல் ஆபத்தானது. விபத்தினால் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால், மசாஜ் பக்கவாதத்துக்கு வழிவகுக்கலாம். இதுவரை இல்லாத கடும் தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கை கால் வலுவின்மை, நடையில் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் மசாஜ் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எலும்புத் தேய்வு உடையோரும் குருதி உறையாமைக்கான மருந்து உட்கொள்வோரும் முன்னதாக மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.