அனுராதபுரத்திலிருந்து பாஸ்டனுக்கு

எல்லா உயிரும் நலமாயிருக்க வேண்டும் என்று நினைக்கச் சொன்னவர் புத்தர். அதை எப்படி நினைத்துப் பழகுவது என்று படிப்படியாக எழுதி வைத்தவர் புத்தகோசர். காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற துறவியுடன் தங்கியிருந்ததாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். கி.பி. 5ஆம் நூற்றாண்டில், அனுராதபுரத்து மகாவிகாரையில் அவர் எழுதிய ‘விசுத்திமக்கம்’தான் மைத்ரி எனப்படும் இந்தத் தியானத்தின் பாடநூல்.

அதில் முறை கறாரானது. முதலில் தனக்கே நலம் நினைக்க வேண்டும். அடுத்து மதிப்புக்குரிய ஆசிரியருக்கு. உயிருக்குயிரான நண்பரை எடுத்தவுடன் நினைக்கக் கூடாது. அவருக்குச் சின்னத் துன்பம் என்றாலும் அழுகை வந்துவிடுமாம். பகைவரின் முறை கடைசியில்தான். தேர்ச்சிக்கு ஒரு சோதனையும் உண்டு. ஒரு துறவி, அவருக்குப் பிரியமானவர், வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவர், பகைவர் ஆகிய நால்வரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கொள்ளையர் வந்து பலிக்கு ஒருவரைக் கேட்கிறார்கள். துறவியின் மனம் பகைவரைக் காட்டினால் தோல்வி. ‘என்னையே கொண்டுபோங்கள்’ என்றாலும் தோல்விதான்! யாரையும் கொடுக்க மனம் வராதபோதுதான் தேறியதாக அர்த்தம். தியாகத்தையும் தேர்ச்சியாக ஏற்காத இந்தச் சோதனைக்கு இணையாக நான் வேறொன்றைப் படித்ததில்லை.

தேரவாத பௌத்த மடங்கள் இந்தப் பயிற்சியைக் காப்பாற்றி வந்தன. மண்டலேயில் பிறந்த தியான ஆசிரியர் கோயங்கா, பர்மாவில் ஊ பா கின்னிடம் கற்றதை 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய பத்து நாள் விபாசனா முகாம்கள் மைத்ரியோடுதான் முடியும். 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒன்றாக அதில் உட்கார்ந்தார்கள். அமெரிக்கரான ஷாரன் சால்ஸ்பெர்க் 1985இல் பர்மா சென்று, ஊ பண்டிதாவிடம் மைத்ரியைப் பயின்று, தம் நாட்டில் பரப்பினார்.

பாஸ்டனில் இருக்கும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் தியானத்துக்கு வேறொரு சோதனை வைத்தது. காத்திருக்கும் அறையில் மூன்று நாற்காலிகள். இரண்டில் ஆய்வாளர்களின் ஆட்கள்; மூன்றாவதில், எட்டு வாரம் தியானம் பழகியவரோ பழகாதவரோ ஒருவர். ஊன்றுகோலோடு ஒரு பெண் வந்து, வலியில் முகம் சுளித்து, சுவரில் சாய்ந்து நிற்கிறார். அந்த இருவரும் கண்டுகொள்வதில்லை. இதுதான் சோதனை என்பது மூன்றாமவருக்குத் தெரியாது. தியானம் பழகாதவர்களில் 16 சதவீதம் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழகியவர்களில் 50 சதவீதம் பேர். 2013இல் வெளியான முடிவு இது. மூன்று வாரம் கைபேசிச் செயலியில் தியானம் பழகியவர்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வில் வித்தியாசம் 14க்கு 37.

ஆனால் 2013 ஆய்வில் இருந்தவர்கள் 39 பேர்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, தியானம் கற்றுக்கொடுத்தவரே ஆய்வாளர்களில் ஒருவராகவும் இருந்தபோதுதான் இரக்கம் கூடியது என்று கண்டது. தியானம் மனிதரை நல்லவராக்கும் என்று விளம்பரம் செய்யும் அளவுக்கு இன்னும் சான்று சேரவில்லை. பாடம் எடுத்தவர் அல்லாத யாரோ ஒருவர், இன்னும் நிறையப் பேரை அழைத்து, அந்த மூன்று நாற்காலிகளை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.